பழி கரந்த சொல்: உறையூரும் ரோமும்

உறையூர்க் கோட்டைக்கு வெளியே நலங்கிள்ளியின் படை. உள்ளே கதவை அடைத்துக்கொண்டு நெடுங்கிள்ளி. இருவரும் சோழர், ஒரே குடியில் பிறந்தவர்கள். இந்த இருவருக்கும் நடுவே நின்று கோவூர் கிழார் ஒரு பாட்டுச் சொன்னார். புறநானூற்றின் 45-ஆம் பாட்டு அது. எதிரே நிற்பவன் பனம்பூச் சூடிய சேரனும் அல்லன், வேப்பம்பூச் சூடிய பாண்டியனும் அல்லன் என்று அதில் நினைவூட்டுகிறார். இரு பக்கத்துத் தலையிலும் இருப்பது ஆத்தி மாலைதான். இவர்களில் யார் தோற்றாலும் தோற்கப்போவது சோழர் குடி. இருவரும் சேர்ந்து வெல்வதற்கு உலகில் வழியில்லை. இந்தப் போரைப் பார்த்து உடல் பூரிக்கப்போகிறவர்கள் மற்ற வேந்தர்கள். இதுவே பாட்டின் கருத்து.

இதில் எந்த மன்னனின் பெயரும் இல்லை. போரை நிறுத்து என்ற ஏவலும் இல்லை. மாலையைப் பற்றிப் பேசும்போது ‘நின்’ என்று ஒருமையில் விளிக்கிறார். அந்த ஒருமை மதிலுக்கு வெளியே நிற்பவனையும் சுட்டும், உள்ளே அடைபட்டவனையும் சுட்டும். குடியைப் பற்றிப் பேசும்போது ‘நும்’ என்று பன்மைக்கு மாறிவிடுகிறார். பழி இருவருக்கும் பொதுவாகிவிடுகிறது. கேட்கிற ஒவ்வொருவனும் இது எனக்கே சொன்னது என்று எடுத்துக்கொள்ளலாம். மற்றவனுக்குச் சொன்னது என்று தள்ளிவிடவும் செய்யலாம். அந்த இடைவெளியைப் புலவர் வேண்டுமென்றே விட்டிருக்கிறார் என்பது என் துணிபு.

ஏனென்றால் இதே கோவூர் கிழாருக்கு நேரடியாகப் பேசத் தெரியாமல் இல்லை. ஆவூர்க் கோட்டைக்குள் நெடுங்கிள்ளி அடைபட்டுக் கிடந்தபோது பாடிய 44-ஆம் பாட்டில் அவர் எதையும் மறைக்கவில்லை. கோட்டைக்குள் யானைகள் படும் துன்பத்தையும், பாலில்லாமல் அழும் குழந்தைகளையும், பூ முடிக்காத பெண்களையும் அடுக்கிக் காட்டுகிறார். அறத்தை எண்ணினால் கதவைத் திற, மறத்தை எண்ணினால் திறந்து போரிடு, இரண்டும் இல்லாமல் மதிலுக்குள் ஒடுங்கிக் கிடப்பது வெட்கக்கேடு என்ற பொருளில் முகத்துக்கு நேரே சொல்கிறார். ஆவூரில் கேட்பவன் ஒருவன். அங்கே ஒளிவுமறைவு தேவைப்படவில்லை. உறையூரில் கேட்பவர்கள் இருவர். அங்கே அதே புலவர் வேறு கருவியைக் கையில் எடுத்தார்.

தொல்காப்பியம் இந்தக் கருவிகளை வகைப்படுத்தியிருக்கிறது. செய்யுளியலில் அங்கதம் இரண்டாகப் பிரிகிறது. வெளிப்படையாகச் சொன்னால் செம்பொருள், பழியை மறைத்துச் சொன்னால் பழிகரப்பு. பழிகரப்புக்குப் பலரும் காட்டும் எடுத்துக்காட்டு ஔவையார் தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் பார்த்துப் பாடிய 95-ஆம் புறப்பாட்டு. உன் வேல்கள் பீலி சூடி, மாலை அணிந்து, நெய் பூசிக் காவல் மிகுந்த மனையில் இருக்கின்றன; எங்கள் அதியமானின் வேல்களோ நுனி முரிந்து கொல்லனின் உலைக்களத்தில் கிடக்கின்றன என்பது அதன் கருத்து. மேலோட்டமாகக் கேட்டால் தொண்டைமானுக்குப் பெருமைதான். போருக்கே போகாத வேல் என்று அதற்குள் இருக்கும் செய்தியை எவரும் அவனுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

மறைத்துச் சொல்வது அச்சத்தின் வேலை என்று நாம் எளிதாக முடிவு கட்டிவிடுகிறோம். ரோமானிய இலக்கியத்தைப் பற்றியும் அப்படித்தான் பெரும்பாலும் பேசப்படுகிறது: பேரரசர்கள் வந்தார்கள், பேச்சுரிமை போயிற்று, கவிஞர்கள் குறிப்பாலும் கதையாலும் பேசத் தொடங்கினார்கள். இதில் உண்மை இருக்கிறது. ஆனால் இது பாதிதான். ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருக்கும்போது, இதுதான் இதன் பொருள் என்று தீர்ப்பளிக்கும் உரிமை யாரிடம் இருந்தது? உறையூர் அவையையும் ரோமின் செனட்டையும் பிரிக்கும் கோடு இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. புலவனுக்கு எவ்வளவு துணிச்சல் இருந்தது என்பது அதற்கு அடுத்த கேள்வி.

இந்த இரண்டு ஊர்களையும் ஒரே மூச்சில் பேசுவதற்குக் காரணம் உண்டு. கி.பி. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஒரு கிரேக்க வணிகர் எழுதிய ‘எரித்திரியக் கடல் வழிப்பயணம்’ என்னும் கையேடு அர்கரு என்ற உள்நாட்டு ஊரையும், அந்த ஊர்ப் பெயராலேயே வழங்கிய மெல்லிய துணியையும் குறிப்பிடுகிறது. அர்கரு என்பது உறையூர் என்று அறிஞர்கள் அடையாளம் கண்டிருக்கிறார்கள். 1965 முதல் 1969 வரை சென்னைப் பல்கலைக்கழகம் உறையூரில் நடத்திய அகழாய்வில் சாயத்தொட்டியும் தமிழ் எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் கிடைத்தன. தறி ஓசை அந்த ஊரில் இன்றும் முற்றாக அடங்கிவிடவில்லை. கி.பி. 22-இல் பேரரசன் டைபீரியஸ் செனட்டுக்கு எழுதிய கடிதத்தில், மகளிரின் அணிமணிகளுக்காக நம் பணம் அயல்நாடுகளுக்குப் போகிறதே என்று வருந்துகிறான். ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் காசுகள் இந்தியாவுக்குப் போவதாகப் பிளினி கணக்கு வைத்தார். சங்கப் பாட்டுகளின் காலத்தைப் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் சோழக் கிள்ளிகளின் காலத்தைப் பொது ஆண்டின் முதல் இரண்டு நூற்றாண்டுகளில் வைப்பவர்களே மிகுதி. உறையூரின் துணியை ரோம் உடுத்திக்கொண்டிருந்த அதே காலப்பகுதியில் இரு ஊர்களிலும் புலவர்கள் அதிகாரத்தின் முன்னால் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

உறையூர் அவை மென்மையான இடம் என்று நான் சொல்லவரவில்லை. 47-ஆம் புறப்பாட்டின் பின்னணி அதற்குச் சான்று. நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்குள் வந்த இளந்தத்தன் என்ற புலவனை ஒற்றன் என்று ஐயுற்று நெடுங்கிள்ளி கொல்லப்போனான். கோவூர் கிழார் பாடி அவனைக் காப்பாற்றினார். ஆனால் அந்தப் பாட்டில் இளந்தத்தன் பெயரும் இல்லை, ஒற்று என்ற சொல்லும் இல்லை, மன்னிப்புக் கோரலும் இல்லை. பறவைகளைப் போல நெடுவழி கடந்து வள்ளல்களைத் தேடிப் போகும் புலவர் வாழ்க்கையை மட்டும் அவர் விவரிக்கிறார். கிடைத்ததில் மகிழ்வார்கள், சுற்றத்துக்கு ஊட்டுவார்கள், சேர்த்து வைக்காமல் உண்பார்கள், கை சுருங்காமல் கொடுப்பார்கள். இந்த வாழ்க்கையால் பிறருக்குத் தீங்கு உண்டா என்று கேட்கிறார். உடனே ஒரு விலக்குச் சேர்க்கிறார்: கல்வியில் எதிர்த்தவரைத் தலைகுனியச் செய்துவிட்டுத் தாம் நிமிர்ந்து நடப்பார்கள், அவ்வளவுதான். அந்த நிமிர்வோடு நிறுத்தாமல், மண்ணாளும் உன்னைப் போன்ற மதிப்பு அவர்களுக்கும் உண்டு என்று முடித்துவிடுகிறார்.

உயிர்ப் பிச்சை கேட்க வந்த பாட்டு, அரசனுக்குப் புலவன் நிகர் என்ற அறிவிப்பில் முடிகிறது. நெடுங்கிள்ளி அதை வேண்டுகோளாகக் கேட்டிருந்தால் அருள் செய்த பெருமை அவனுக்கு. அறிவிப்பாகக் கேட்டிருந்தால் சினம் கொள்ள இடம் இருந்தது. அவன் முதல் பொருளைத் தேர்ந்தான், இளந்தத்தன் பிழைத்தான். 46-ஆம் பாட்டிலும் இதே அமைப்புத்தான். மலையமானின் பிள்ளைகளை யானைக் காலில் இடக் கிள்ளிவளவன் ஆணையிட்டபோது, புறாவுக்காகத் தன்னைத் தந்தவன் மரபில் வந்தவன் நீ என்று தொடங்கிய கோவூர் கிழார், கேட்டுவிட்டாய் அல்லவா, இனி உன் விருப்பப்படி செய் என்ற கருத்தில் விலகிக்கொள்கிறார். அரசனின் பெருமையைப் புகழ்வது போலச் சொன்னது அவன் செய்யப்போகும் செயலின்மேல் வீசிய பழி. அந்தப் பழியை ஏற்பதா, புகழுக்குத் தக நடப்பதா என்று முடிவெடுக்கும் பொறுப்பை அவன் கையிலேயே கொடுத்துவிட்டார். முகத்துக்கு முகம் நிற்கிற இந்த அவையில் சொல்லுக்கும் கேள்விக்கும் நடுவே மூன்றாமவன் கிடையாது. அதனால் இங்கே இரட்டுறப் பேசுவது ஒளிந்துகொள்வதற்காக ஏற்பட்டதன்று. அரசன் தன் முடிவை மானம் கெடாமல் மாற்றிக்கொள்ள ஒரு வாசல் திறந்து வைப்பதற்காக ஏற்பட்டது.

ரோமில் அந்த மூன்றாமவன் வந்துவிட்டான்.

குடியரசுக் காலத்தில் அரசத் துரோகச் சட்டம் செயல்களுக்கே உரியதாக இருந்தது, சொற்களைத் தண்டிக்கவில்லை. பேரரசன் அகஸ்டஸ் காலத்தில்தான் அவதூறு எழுத்துகள் அந்தச் சட்டத்தின் கீழ் முதன்முறையாக விசாரிக்கப்பட்டன என்று வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதுகிறார். பெரிய இடத்து ஆண்களையும் பெண்களையும் வசைபாடிய காசியஸ் செவரஸ் என்ற சொற்பொழிவாளர்தான் அதற்குக் காரணமானார், அவர் நாடுகடத்தப்பட்டார். அவர் காலத்தவரான டைட்டஸ் லபீனஸின் நூல்களைச் செனட் எரிக்கச் சொன்னது. லபீனஸ் தம் குடும்பக் கல்லறைக்குள் புகுந்து உயிரை விட்டார். அந்த நூல்கள் எனக்கு மனப்பாடம், ஆகவே என்னையும் சேர்த்து எரிக்க வேண்டும் என்று காசியஸ் செவரஸ் சொன்னதாக மூத்த செனகா பதிவு செய்திருக்கிறார். கி.பி. 8-இல் ஓவிட் கருங்கடல் கரையிலுள்ள டோமிஸுக்கு அனுப்பப்பட்டார். ஒரு கவிதையும் ஒரு பிழையும் காரணம் என்று அவரே எழுதினார். பிழை என்னவென்று எங்கும் விளக்கவில்லை.

இந்தச் சட்டத்தின் உயிர்நிலை ஒரு கணக்கில் இருந்தது. குற்றம் உறுதியானால் தண்டனை பெற்றவரின் சொத்தில் நான்கில் ஒரு பங்கு குற்றம் சாட்டியவருக்கு. புறநானூற்று உலகில் பாட்டுக்குப் பரிசில் உண்டு. அது புலவனுக்குப் போகும். டைபீரியஸின் ரோமில் பாட்டுக்குப் பரிசில் உண்டு. அது அந்தப் பாட்டில் துரோகம் இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொன்னவனுக்குப் போகும். இந்த ஏற்பாடு வந்தபின் ஒரு வரியின் பொருளை எழுதியவரும் முடிவு செய்ய முடியாது, பேரரசனும் தனியே முடிவு செய்ய முடியாது. வாசிப்பையே தொழிலாகக் கொண்ட ஒரு கூட்டம் நடுவில் நின்றுகொண்டது.

கி.பி. 25-இல் கிரெமூட்டியஸ் கார்டஸ் என்ற வரலாற்றாசிரியர், ஜூலியஸ் சீசரைக் கொன்ற புரூட்டஸைப் புகழ்ந்ததற்காகவும் அவன் கூட்டாளி காசியஸை ரோமானியர்களில் கடைசி மனிதன் என்று குறித்ததற்காகவும் குற்றம் சாட்டப்பட்டார். இருவரும் இறந்து அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. செத்தவர்களைப் புகழ்வது இருப்பவனைப் பழிப்பதாகப் படிக்கப்பட்டது. அவர் உண்ணாமல் இருந்து உயிர் துறந்தார், நூல்கள் எரிக்கப்பட்டன. மகள் மார்சியா மறைத்து வைத்த படிகள் அடுத்த ஆட்சியில் மீண்டும் வெளிவந்தன. கி.பி. 34-இல் ஸ்காரஸ் எழுதிய ‘அட்ரியஸ்’ என்ற துன்பியல் நாடகத்தில் டைபீரியஸுக்குப் பொருந்தும் வரிகளைத் தேடி எடுத்துக் கொடுத்தவர் காவற்படைத் தலைவர் மாக்ரோ. முறைப்படி சுமத்திய குற்றம் வேறு. ஆனால் ஸ்காரஸ் தற்கொலை செய்துகொள்ள நேர்ந்த கதையில் அந்த நாடகத்துக்குப் பெரும்பங்கு உண்டு. அட்ரியஸ் பழங்கதையில் வரும் கொடுங்கோலன். அந்தக் கதையை எழுதும் எவனும் எந்த ஆட்சியிலும் மாட்டிக்கொள்ளலாம்.

இந்த நிலைமையை மிகத் தெளிவாகப் புரிந்துகொண்டவர் பீட்ரஸ் என்று எனக்குத் தோன்றுகிறது. அகஸ்டஸின் வீட்டில் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். விலங்குக் கதைகளைச் செய்யுளாக்கியவர். நினைத்ததைச் சொல்ல அஞ்சிய அடிமை, தன் மனத்தைக் கதையாக மாற்றிச் சொன்னான். நீதிக்கதை அப்படித்தான் பிறந்தது என்று தம் மூன்றாம் நூலின் முன்னுரைப் பாட்டில் அவர் விளக்குகிறார். டைபீரியஸின் அணுக்கனான செஜானஸே தம்மைக் குற்றம் சாட்டியவன், சாட்சி சொன்னவன், தீர்ப்புக் கூறியவன் என மூன்றுமாக இருந்தான் என்றும் அங்கே முறையிடுகிறார். யாராவது இந்தக் கதையில் தம்மைக் கண்டால் தம் நெஞ்சின் குற்றத்தைத் தாமே வெளியிடுகிறார் என்று வாதாடுகிறார். உறையூரில் வென்றிருக்கக்கூடிய வாதம்தான் இது. தொண்டைமான் ஔவைமீது சினந்திருந்தால் என் வேல் போர் காணாதது என்று அவனே ஒப்புக்கொண்டதாகியிருக்கும். ரோமில் இந்த வாதம் செல்லவில்லை. அங்கே கதையில் அரசனைக் காண்பவன் அரசன் அல்லன். அவன் பெயரில் பிறன் ஒருவன் காண்கிறான். அவனுக்கு வெட்கப்பட எதுவும் இல்லை.

பேச்சுக்கலை ஆசிரியர் குவிண்டிலியன், குறிப்பால் பேசுவதற்கு மூன்று வேளைகளைச் சொல்கிறார்: வெளிப்படையாகச் சொல்வது ஆபத்து, சொல்வது முறையன்று, அல்லது மறைத்துச் சொன்னால் அழகு. வேறு வகையிலும் புரிந்துகொள்ள இடம் விட்டுவிட்டால் கொடுங்கோலனுக்கு எதிராக எவ்வளவும் பேசலாம் என்று அவர் மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். அவர் வாழ்ந்த பேரரசன் டொமிஷியன் ஆட்சியிலேயே ஹெர்மஜனிஸ் என்ற வரலாற்றாசிரியர் தம் நூலில் இருந்த சில குறிப்புகளுக்காகக் கொல்லப்பட்டார். அதைப் படியெடுத்த எழுத்தர்கள் சிலுவையில் அறையப்பட்டார்கள். இடம் விட்டு எழுதுவது பள்ளிக்கூடத்தில் செல்லும். எழுத்தரின் உயிரை அது காக்கவில்லை. பின்னர் வந்த ஜுவெனல், சாலையோரக் கல்லறைகளில் கிடப்பவர்களையே சாடப்போவதாகத் தம் முதல் அங்கதப் பாட்டில் அறிவித்ததை இந்தப் பின்னணியில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

இனி நம் ஊருக்குத் திரும்பலாம். உறையூரிலிருந்து காவிரியைக் கடந்தால் தீவு. மேற்கே திருவரங்கம், கிழக்கே திருவானைக்கா. பதினைந்தாம் நூற்றாண்டில் இந்த இரண்டுக்கும் நடுவே வாழ்ந்தவர் காளமேகம். திருவரங்கக் கோயில் மடைப்பள்ளியில் பரிசாரகராக இருந்தார், இயற்பெயர் வரதன், திருவானைக்காவில் தொண்டு செய்த மோகனாங்கி என்ற ஆடல்மகள்மேல் அன்பு கொண்டு சைவரானார், அகிலாண்டேசுவரியின் அருளால் பாட வந்தது என்பது வழிவழியாக வரும் கதை. கதையில் எவ்வளவு வரலாறு என்று அளக்க முடியாது. ஆனால் அந்தக் கதை அவரை இரண்டு கோயில்களுக்கும் இரண்டு சமயங்களுக்கும் உரியவராக நிறுத்துகிறது. ஒரே பாட்டில் இரண்டு பொருள் வைத்தவருக்கு மக்கள் பொருத்தமான வாழ்க்கையைத்தான் அமைத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

பள்ளிக்கூடத்தில் நாம் படிப்பது பாம்புக்கும் எள்ளுக்கும், பாம்புக்கும் வாழைப்பழத்துக்கும், யானைக்கும் வைக்கோலுக்கும் அவர் வைத்த சிலேடைகளை. அவற்றைச் சொல் விளையாட்டு என்று ரசித்துவிட்டுப் போய்விடுகிறோம். இது காளமேகத்துக்குச் செய்யும் அநீதி என்றே கருதுகிறேன். பாம்பு சிலேடைகள் அவருக்குச் சாதகம் செய்யும் வேளை. அந்தப் பயிற்சியின் பயனை வேறு பாட்டுகளில் காணலாம்.

நாகப்பட்டினத்துக் காத்தான் சத்திரப் பாட்டு அவற்றில் ஒன்று. பசியோடு போன புலவர் நெடுநேரம் காத்திருக்க நேர்ந்தது. பொழுது சாயும்போது அரிசி வரும், அதைக் குத்தி உலையில் இடும்போது ஊர் அடங்கிவிடும், ஓர் அகப்பை சோறு இலையில் விழும்போது விடிவெள்ளி முளைத்துவிடும் என்று பொருள்படப் பாடினார். ஊரெங்கும் பரவிவிடுமே என்று காத்தான் அஞ்சி வந்து வேண்ட, அதே பாட்டுக்கு வேறு உரை சொன்னார்: பஞ்சத்தில் ஊர் முழுதும் அரிசி மறைந்துபோகும் காலத்திலும் காத்தான் சத்திரத்துக்கு அரிசி வந்து சேரும், அங்கே உலை ஏறினால் ஊராரின் பசி அடங்கும், இலையில் விழும் சோற்றின் வெண்மைக்கு முன் வெள்ளியும் நாணி எழுந்து போகும். பாட்டில் ஓர் எழுத்தும் மாறவில்லை.

இங்கே பொருளின் சாவி யாரிடம் இருந்தது என்று பாருங்கள். பழிக்கப்பட்டவன் வந்து கேட்கிறான், பாடியவர் பொருளை மாற்றித் தருகிறார். நடுவில் வேறு யாரும் இல்லை. மாற்றித் தந்த பிறகும் முதல் பொருள் அழியவில்லை. காத்தானின் சத்திரத்தை ஊர் கவனிக்கத் தொடங்கியிருக்கும். இனி உணவு நேரத்துக்கு வந்தாக வேண்டும் என்பது காத்தானுக்கும் தெரிந்திருக்கும். அறச்சாலை நடத்துகிறவனுக்குக் கண்டனமும் அதைத் திருத்திக்கொள்ள வாய்ப்பும் நான்கு அடிகளுக்குள் கிடைத்துவிட்டன. கோவூர் கிழார் நெடுங்கிள்ளிக்குத் திறந்து வைத்த வாசல் இது. பதின்மூன்று நூற்றாண்டுகளோ அதற்கு மேலோ கழிந்தும் அதே தச்சு முறை கைவிடப்படவில்லை.

திருக்கண்ணபுரத்துப் பாட்டில் அவர் வேறோர் உத்தியைக் கையாளுகிறார். மழைக்கு ஒதுங்க வந்த சைவப் புலவருக்குக் கோயிலார் கதவைத் திறக்கவில்லை. எங்கள் பெருமாளே பெரியவர் என்று பாடினால் திறப்போம் என்றார்கள். தெய்வங்களில் நீ பெரியவன் என்று எடுத்துக்கொள்ளும்படி முதலடியைப் பாடினார், கதவு திறந்தது. உள்ளே வந்தபின் பாட்டை முடித்தார்: உன்னைவிட நான் பெரியவன், உனக்குப் பத்துப் பிறவி, சிவனுக்கு ஒன்றும் இல்லை, எனக்கோ எண்ணில்லாத பிறவிகள். பிறவி மிகுதிதான் பெருமை என்றால் இந்த ஏழைப் புலவனே பெரியவன். எந்தக் கடவுள் பெரியவர் என்று கேட்டுக் கதவடைக்கும் நிறுவனத்தின் கேள்வியையே அவர் உடைத்துவிட்டார். மழையில் நிற்பவனுக்கு மனிதன் என்ற முறையில் இடம் கொடுக்காத எந்தக் கோயிலாரும் அந்தப் பாட்டின்முன் தலைகுனிய வேண்டியவர்கள்தான், சைவராயினும் வைணவராயினும்.

ஆனால் திருமலைராயன் அவையில் இந்த நயங்கள் செல்லவில்லை. சாளுவத் திருமலைராயன் கல்வெட்டுகளால் அறியப்படும் ஆட்சியாளன். இன்று காரைக்காலை அடுத்துள்ள திருமலைராயன்பட்டினம் அவன் பெயரைத் தாங்கியது. அங்கே அதிமதுரகவி தலைமையில் பல்லக்கில் போகும் தண்டிகைப் புலவர்கள் அறுபத்துநால்வர். வந்தவருக்கு இருக்கை தரவில்லை. கொதிக்கும் எண்ணெய்க் கொப்பரைக்கு மேலே தொங்கிக்கொண்டு கேட்ட மாத்திரத்தில் பாடும் எமகண்டத்தில் வென்ற பிறகும் அரசன் அவரை மதிக்கவில்லை. அப்போது அவர் பாடியது சிலேடை அன்று, வெளிப்படையான வசை. மண்மாரி பெய்து அந்த ஊர் அழிந்தது என்று கதை முடிகிறது. தொல்காப்பியர் சொன்ன இரண்டு வகையும் ஒரே புலவரின் வாழ்க்கையில் முறைப்படி அமைந்திருப்பதைக் காண்கிறோம். கேட்கச் செவி இருந்த இடத்தில் பழிகரப்பு. செவியே இல்லாத இடத்தில் செம்பொருள். இந்த அவையில் அரசனுக்கும் புலவனுக்கும் நடுவே அறுபத்துநால்வர் இருந்தார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். ரோமின் மூன்றாமவனுக்கு நம் பக்கத்தில் கிடைக்கும் மிக நெருங்கிய உறவினர் இந்தத் தண்டிகைப் புலவர்களே.

மண்மாரிக் கதையை வரலாறாகக் கொள்ள முடியாது. நந்திக் கலம்பகம் கேட்டு நந்திவர்மன் உயிர்விட்டான் என்ற கதையும் அப்படியே. ஆனால் இரண்டு இலக்கியங்களும் அச்சத்தை யார் பக்கத்தில் வைத்தன என்பதை இந்தக் கதைகள் காட்டுகின்றன. ரோமானியக் கதைகளில் பாட்டால் சாகிறவன் பாட்டெழுதியவன். தமிழ்க் கதைகளில் பாட்டால் அழிகிறவன் அரசன். இதற்குக் கதையல்லாத சான்றும் உண்டு. புறநானூற்றின் 72-ஆம் பாட்டைப் பாடியவன் தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன், பாண்டிய மன்னன். பகைவரை வெல்லாவிட்டால் மாங்குடி மருதனைத் தலைவராகக் கொண்ட புலவர்கள் என் நாட்டைப் பாடாது ஒழியட்டும் என்று அவன் வஞ்சினம் கூறுகிறான். புலவர் பாடாமல் விடுவது தோல்விக்கு ஈடான தண்டனை என்று ஓர் அரசன் தன் வாயாலேயே சொல்கிறான். அப்படிப்பட்டவன் முன்னால் இரட்டுறப் பேசுகிறவன் கெஞ்சுகிறவனாக இருக்க வேண்டியதில்லை.

அரசர்கள் போய்த் தணிக்கைக் குழு வந்த காலத்தில் இந்தக் காவிரித் தீவில் வளர்ந்த இன்னொரு புலவர் இதே கருவியைத் திரைக்குக் கொண்டுபோனார். வாலி திருவரங்கத்துப் பிள்ளை. 1966-இல் வெளிவந்த ‘அன்பே வா’ படத்துக்கு அவர் எழுதிய பாட்டொன்றில் உதயசூரியன் என்ற சொல் இருந்தது. அது தி.மு.க.வின் தேர்தல் சின்னம். பாட்டுக்கு வாயசைத்தவர் அந்தக் கட்சியின் பெரும் முகமாக இருந்த எம்.ஜி.ஆர். ஆட்சியில் இருந்தது காங்கிரஸ். தணிக்கையில் ஆட்சேபம் எழுந்தது. முதற்சொல் புதிய என்று மாறியது. மாற்றிய சொல்லைக் காது கேட்டாலும் மாற்றாத சொல்லை அரங்கம் புரிந்துகொண்டது. அடுத்த ஆண்டு ஆட்சி மாறியது.

ரோமின் அங்கதக் கவிஞர் பெர்சியஸுக்கும் கிட்டத்தட்ட இதுவேதான் நடந்தது. மைதாஸ் அரசனுக்குக் கழுதைக் காது என்று அவர் எழுதிவைத்த வரியை, பேரரசன் நீரோ தன்னைச் சொன்னதாக எடுத்துக்கொள்வானோ என்று அஞ்சி, கழுதைக் காது இல்லாதவர் யார் என்ற கேள்வியாக அவருடைய ஆசிரியர் கார்னூட்டஸ் மாற்றினார் என்று பெர்சியஸின் பழைய வாழ்க்கைக் குறிப்பு சொல்கிறது. திருத்தம் அங்கதத்தைக் குறைக்கவில்லை; ஒருவன்மேல் இருந்த பழி எல்லார்மேலும் பரவியது.

வாலி எழுதிய அதே காலத்தில் திருச்சியின் இன்னொரு மனிதர் மறைத்துப் பேச மறுத்துக்கொண்டிருந்தார். நாடக நடிகர் எம். ஆர். ராதாவின் மேடைப் பேச்சில் பழிகரப்புக்கு இடமே கிடையாது. அன்றன்றைய செய்தியை அன்றன்றைக்கே மேடையில் வைத்துக் கிழித்தார். 1954-இல் சென்னை மாநிலம் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்ததற்கு அவருடைய நாடகங்கள் பெரும் காரணம். திரையில் அச்சான சொல்லைத் தணிக்கை பிடிக்கும். மேடையில் கணத்துக்குக் கணம் பிறக்கும் சொல்லைப் பிடிக்க முடியாது. வாலிக்குக் கரந்துரையும் ராதாவுக்குச் செம்பொருளும் வாய்த்ததில் அவரவர் இயல்புக்கு இருந்த பங்கு அவரவர் ஊடகத்துக்கும் உண்டு.

இந்த வாசிப்புகளெல்லாம் ஒன்றை நம்பி நிற்கின்றன. புறப்பாட்டுகளின் அரசியல் பின்னணி நமக்குத் தெரிவது பாட்டின் கீழே உள்ள கொளு என்னும் உரைநடைக் குறிப்புகளால். 1894-இல் உ. வே. சாமிநாதையர் புறநானூற்றைப் பதிப்பித்தபோது ஏட்டில் இருந்தபடி அவற்றையும் சேர்த்து அச்சிட்டார். கொளுவை எடுத்துவிட்டால் 47-ஆம் பாட்டு புலவர் வாழ்க்கையைப் பற்றிய பொதுப்பாட்டாகிவிடும். கத்தி முனையில் நின்ற இளந்தத்தன் மறைந்துவிடுவான். கொளுக்கள் பிற்காலத்தவை, ஆகவே நம்பத் தகாதவை என்று வாதிடுகிறவர்கள் உண்டு. ரோமானியக் கவிஞர் லூக்கனின் நிலையும் இதுதான். அவருடைய உள்நாட்டுப் போர்க் காவியத்தின் தொடக்கத்தில் நீரோவுக்கு ஒரு புகழ்ப் பகுதி வருகிறது: வானுலகம் போனபின் நடுவில் அமர்ந்துகொள், ஓரத்தில் அமர்ந்தால் உன் எடையால் வானம் சாய்ந்துவிடும். இது நீரோவின் பருத்த உடலைக் கேலி செய்வது என்று பழைய உரைக்குறிப்புகள் சொல்கின்றன. உண்மையான புகழ்ச்சிதான் என்று கொள்ளும் அறிஞர்களும் உண்டு. லூக்கன் கி.பி. 65-இல் நீரோவுக்கு எதிரான சதியில் சிக்கி இறந்தார். அந்த முடிவை அறிந்த உரையாசிரியர்கள் தொடக்கத்தையும் அதன் வெளிச்சத்தில் படித்தார்கள்.

என் நிலை இது. 45-ஆம் பாட்டுக்குக் கொளு இல்லாவிட்டாலும் இரு பக்கமும் ஆத்தி என்பது பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. சோழர் இருவர் பொருதார்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். 47-ஆம் பாட்டில், தீங்கு உண்டா என்ற கேள்வி, யாரோ தீங்கு என்று குற்றம் சாட்டியிருந்தால்தான் எழும். கொளுவை நம்புவதற்குப் பாட்டே பாதி வழி வருகிறது. காளமேகத்திடம் அப்படி இல்லை. அவருடைய பாட்டுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தனிப்பாடல் திரட்டுகளில் தொகுக்கப்பட்டபோது பாட்டும் கதையும் பிரிக்க முடியாமல் ஒட்டிக்கொண்டிருந்தன. சில இடங்களில் கதைக்காகப் பாட்டுப் பிறந்திருக்கலாம். பிறர் பாட்டும் அவர் பெயரில் ஏறியிருக்கலாம். ஒவ்வொரு பாட்டாக எடுத்து, கதை இல்லாமல் அது எவ்வளவு பேசுகிறது என்று பார்க்க வேண்டும். காத்தான் பாட்டு அந்தச் சோதனையில் நிற்கிறது: இரண்டு பொருளும் சொற்களுக்குள்ளேயே இருக்கின்றன. கண்ணபுரத்துப் பாட்டில் பிறவிக் கணக்கு நிற்கிறது. மழையும் மூடிய கதவும் கதையால் வந்தவை. திருமலைராயன் வசைக்குப் பின்னால் ஒரு நேரான அவமதிப்பு இருந்தது என்பதைப் பாட்டின் சூடு சொல்கிறது. அறுபத்துநாலு பல்லக்குகளை அது சொல்லவில்லை. இந்தப் பிரிப்பு வேலையைத் தமிழ்த் துறைகள் பாட்டுக்குப் பாட்டு செய்தாக வேண்டும். அதைச் செய்து முடித்தால்தான் காளமேகத்தைப் பீட்ரஸோடும் பெர்சியஸோடும் ஒரே மேசையில் வைத்துப் பேச முடியும்.